பச்சை அவையிலிருந்து வில்லாவுட் வரை

மேற்கு சிட்னியின் வில்லாவுட்டிலிருந்து கான்பெராவுக்குக் காரில் மூன்று மணி நேரம். மேற்கு சிட்னிப் பள்ளிகள் ஆறாம் வகுப்பை ஒட்டிய பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தலைநகரைக் காட்டக் கூட்டிப்போவது வழக்கம். போர் நினைவகம், குன்றின் மேலுள்ள புதிய நாடாளுமன்றம், அதற்கு நேர் கீழே வெள்ளை வெளேரென்று நிற்கும் பழைய நாடாளுமன்றம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வருவார்கள். 1927 முதல் 1988 வரை நாட்டின் சட்டங்களெல்லாம் பிறந்த அந்தப் பழைய கட்டடம் 2009 மே 9 முதல் ஆஸ்திரேலிய ஜனநாயக அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்று யார் சொன்னது? முதல் கூட்டாட்சி நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடியது 1901 மே 9. கான்பெராவில் இந்தக் கட்டடம் திறந்தது 1927 மே 9. புதியது திறந்தது 1988 மே 9. அருங்காட்சியகத்துக்கும் அதே தேதிதான்.

வில்லாவுட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு இந்தக் கட்டடத்தோடு ஓர் உறவு உண்டு. அவள் ஊரின் பெயரை நாடறியச் செய்த குடிவரவுத் தடுப்பு முகாம் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறதோ, அந்த 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நிறைவேறியது இங்கேதான். அதுவும் அன்று ஒரு சீர்திருத்தமாக, இரக்கத்தின் பெயரால் வந்தது. ஜனநாயகத்துக்கு அருங்காட்சியகம் வைப்பவர்கள் காட்ட வேண்டிய முதல் பொருள் அந்தச் சட்டம்தான் என்பது என் கட்சி. அதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

அரசுக் கட்டடக் கலைஞர் ஜான் ஸ்மித் மர்டாக் இதைத் தற்காலிகமானது என்று சொல்லித்தான் வரைந்தார். ஐம்பது ஆண்டு தாங்கினால் போதும் என்பது கணக்கு. தூண்களோ கோபுரமோ இல்லாத, தட்டையான, வெயிலுக்கு வெள்ளையடித்த கட்டடம். உள்ளே கீழவைக்குப் பச்சை, மேலவைக்குச் சிவப்பு என்று லண்டன் வழக்கம் அப்படியே. கீழவைத் தலைவரின் நாற்காலி வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்ததைப் பார்த்துச் செய்த நகல். நெல்சன் போரிட்ட விக்டரி கப்பலின் ஓக் மரமும் அதில் சேர்ந்திருக்கிறது. 1941இல் ஜெர்மானியக் குண்டு விழுந்து லண்டன் மூலம் அழிந்தபோது நகல் மட்டும் மிஞ்சியது. போருக்குப் பின் ஆஸ்திரேலியா தன் காட்டு மரத்தில் ஒரு நாற்காலி செய்து லண்டனுக்கு அனுப்பி வைத்தது. தாய் நாட்டுக்குச் சீர் அனுப்பிய கதை.

பிரதமர் பாப் ஹாக் பயன்படுத்திய அறைகளை 1980களில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது நடுவிலுள்ள மன்னர் மண்டபம். அமைச்சர், எதிர்க்கட்சி உறுப்பினர், பத்திரிகையாளர், ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அதைக் கடந்தாக வேண்டும். இடநெருக்கடி தாங்காமல்தான் புதிய கட்டடம் எழுந்தது. புதியதில் அமைச்சர்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல். அவர்களை வழிமறித்துக் கேள்வி கேட்பது அதன் பிறகு அவ்வளவு சுலபமில்லை. நெருக்கடியால் விளைந்த நன்மையை எந்தக் கட்டடக் கலைஞரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

கைவிடப்பட்ட சட்டமன்றங்களை என்ன செய்வதென்பது பல ஊர்களுக்கும் உள்ள சிக்கல். சிங்கப்பூரின் பழைய நாடாளுமன்றம் கலை அரங்காயிற்று. தில்லியில் கான்பெராவைப் போலவே 1927இல் திறந்த வட்டக் கட்டடத்துக்கு 2023 செப்டம்பரில் ‘சம்விதான் சதன்’ என்று பெயர் மாற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்கு உறுப்பினர்கள் நடந்துபோனார்கள். சென்னை வழி தனி வழி. ஓமந்தூரார் வளாகத்தில் 2010இல் திறந்த புத்தம் புதிய சட்டமன்றம் பழசாவதற்கு முன்பே மருத்துவமனையாகிவிட்டது.

கான்பெராவில் 1927 மே 9 காலை நடந்ததற்கு வருவோம். யார்க் கோமகன் வந்து கதவைத் திறக்கும் விழா. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர் அவர். டியூமட் பக்கத்திலுள்ள பிரங்கிளிலிருந்து மலைகளைத் தாண்டி நடந்தே வந்திருந்தார்கள் விராஜுரிப் பூர்வகுடி முதியவர்கள் இருவர். ஜிம்மி கிளெமென்ட்ஸ், ஜான் நோபிள் என்பன வெள்ளையர் ஏட்டில் அவர்கள் பெயர்கள். கிளெமென்ட்ஸ் வெறுங்காலோடு, பழைய கோட்டோடு, நாய்களோடு கட்டடத்துக்கு முன் வந்து நின்றார். உடை சரியில்லை என்று போலீஸ் அப்புறப்படுத்தப் பார்த்தது. கூடியிருந்த கூட்டம் கிழவருக்காகக் குரல் கொடுத்தது, அவர் நகரவில்லை. அடுத்த நாள் கோமகனுக்கு முன் வரிசையில் சென்றவர்களில் அவரும் ஒருவர். சில மாதங்களில் குயின்பியனில் இறந்துபோனார். அவர் இருந்தவரை அந்த நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கச் சட்டம் அவரை அனுமதிக்கவில்லை. 1902ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்கைக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் பூர்வகுடிகளையும் ஆசிய, ஆப்பிரிக்க, பசிபிக் தீவு மக்களையும் விலக்கியிருந்தது. பூர்வகுடிகள் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு வந்தது 1962இல்.

கிளெமென்ட்ஸுக்கு இல்லாத வாக்கு, 1927இல் இங்கிருந்த ஒரு பஞ்சாபிக்கோ தஞ்சாவூர்க்காரருக்கோ இருந்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியதில் பெரும் பங்கு, கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரிக்கு உண்டு. நம் பாட்டன் தலைமுறை ‘மகாகனம்’ அடைமொழி இல்லாமல் அவர் பெயரைச் சொல்லாது. 1921இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர் அவர். டொமினியன் நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களுக்குக் குடியுரிமைகள் வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் சேரவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் அழைக்க, 1922இல் சாஸ்திரி கப்பலேறி வந்தார். நாடாளுமன்றம் அப்போது மெல்பர்னில். ஊர் ஊராகப் பேசினார். அவர் ஆங்கிலத்தைக் கேட்கவே கூட்டம் வந்தது. 1925இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, இங்கே குடியிருந்த, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்கள் வாக்காளர்கள் ஆனார்கள். மொத்தமே இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

இதற்குச் சாஸ்திரி கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை எதிர்க்க வரவில்லை, புதிதாக ஆட்களை அனுப்பச் சொல்லிக் கேட்கவும் வரவில்லை, ஏற்கெனவே இருக்கிறவர்களை மட்டும் மதியுங்கள் என்பதே அவர் வாதம். சீனரைப் பற்றியோ பசிபிக் தீவினரைப் பற்றியோ பூர்வகுடிகளைப் பற்றியோ அவர் வழக்காட வரவில்லை. கிடைத்த சலுகையின் எல்லையும் அவ்வளவே. இலங்கை பிரிட்டிஷ் இந்தியாவில் சேராத தனிக் காலனி என்பதால், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தத் திருத்தத்தின் சொற்கள் எட்டாது. சாஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாளில் அதற்கு மேல் கேட்டிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். ஆனாலும், உள்ளே போகிறவர் தனக்குப் பின்னால் கதவைச் சாத்தச் சம்மதித்தால்தான் கதவு திறக்கும் என்ற ஏற்பாடு இந்த நாட்டு அரசியலில் அன்றோடு முடிந்துபோகவில்லை.

அந்தக் கதவைக் காத்த காவல்காரனின் பெயர் சொல்வதெழுதுதல். 1901ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வந்திறங்குபவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் உள்ள பத்தியை அதிகாரி வாசிப்பார். பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். இந்த உத்தி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்தது. 1897இல் அங்கே இந்தியர்களைத் தடுக்க, நிறத்தைச் சொல்லாமல் மொழியைச் சொல்லித் தடுக்கும் சட்டம் போட்டிருந்தார்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 1909க்குப் பிறகு அந்தத் தேர்வில் தேறியவர் ஒருவரும் இல்லை. பல மொழி தெரிந்த செக் எழுத்தாளர் எகோன் கிஷ் 1934இல் நாஜி எதிர்ப்புக் கூட்டத்துக்கு வந்தபோது, அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக்கில் வாசித்துக் காட்டினார்கள். அது சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியில் அடங்காது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் நாடே சிரித்தது. சிரித்த பிறகும் இருபத்துச் சொச்சம் ஆண்டு அந்தத் தேர்வு சட்டத்தில் இருந்தது.

அதை ஒழித்ததுதான் 1958ஆம் ஆண்டுச் சட்டம். பச்சை அவையில் அதைக் கொண்டுவந்த குடிவரவு அமைச்சர் அலெக்ஸாண்டர் டவுனர்; பின்னாளில் வெளியுறவு அமைச்சரான அதே பெயருடையவரின் தந்தை. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கியில் மூன்றரை ஆண்டு கைதியாகக் கிடந்தவர். அடைபட்டுக் கிடப்பது என்னவென்று உடம்பால் அறிந்த மனிதர். நாடு கடத்தப்படக் காத்திருப்பவர்களை அதுவரை சாதாரணச் சிறைகளில், திருடரோடும் கொலையாளியோடும் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் ஆகமாட்டார்கள், அவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று டவுனர் நினைத்தார். குடிவரவுத் தடுப்பு நிலையம் என்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் இடம் கொடுத்தது அப்படித்தான். 1966இல் மெல்பர்னின் மரிபிர்னாங்கில் ஒன்று வந்தது. 1976இல் வில்லாவுட்.

வில்லாவுட்டில் அந்த நிலத்துக்கு அதற்கு முன்பே வேறொரு வாழ்வு இருந்தது. 1949 முதல் அது குடியேறிகளின் விடுதி. போரில் வீடிழந்த ஐரோப்பியர்கள், பிறகு பிரிட்டனிலிருந்து பத்துப் பவுண்டுக்குக் கப்பலேறிய குடும்பங்கள், அரை உருளைத் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை தேடினார்கள். 1964இல் அந்த விடுதியில் சந்தித்த இளைஞர்கள் தொடங்கிய ‘ஈசிபீட்ஸ்’ இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. அதிலிருந்த ஜார்ஜ் யங்கின் தம்பிகள் பின்னால் ‘ஏசி/டிசி’ குழுவை அமைத்தார்கள். விடுதியிலிருந்து காலையில் வெளியே போய் இரவில் திரும்பலாம். வாசலில் பூட்டு கிடையாது. அந்த வளாகத்தின் ஒரு மூலையில்தான் வேலி முளைத்தது. பிறகு வேலி வளர, விடுதி மறைந்தது.

தனி இடம் என்ற இரக்கம் கட்டாய அடைப்பாக மாறியது 1992இல். 1989 முதல் படகில் வந்த கம்போடியர்கள் தங்களை விடுவிக்கக் கோரிய வழக்கு நீதிமன்றத்துக்கு வரவிருந்த நேரம். விசா இல்லாமல் வந்தவர்களை அடைத்தே வைக்க வேண்டும், நீதிமன்றம் விடுவிக்க முடியாது என்று அவசர அவசரமாகச் சட்டம் திருத்தப்பட்டது. இரு பெரும் கட்சிகளும் கை கோத்தன. பிரதமர் பால் கீட்டிங். அவருடைய தொகுதி பிளாக்ஸ்லண்ட், வில்லாவுட்டுக்கு அண்டையிலுள்ள பேங்க்ஸ்டவுன் வட்டாரம். முதலில் 273 நாள் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். 1994இல் அதுவும் போயிற்று. நாடற்ற ஒருவரைக் காலவரையின்றி அடைக்கலாம் என்று 2004இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், அனுப்ப நாடே இல்லாதவரை அப்படி அடைப்பது செல்லாது என்று திருத்திக்கொண்டது. நடுவில் பத்தொன்பது ஆண்டு.

அந்த ஆண்டுகளில்தான் தமிழர்கள் வந்தார்கள். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு படகேறியவர்களில் பலர் அகதிகள் என்று இதே அரசால் ஏற்கப்பட்டவர்கள். ஆனால் உளவுத்துறை பாதகமாக அறிக்கை கொடுத்துவிட்டால் விசா இல்லை, காரணமும் சொல்லப்படாது. இலங்கைக்குத் திருப்பி அனுப்ப முடியாது, வெளியே விடவும் மாட்டோம் என்ற நிலை. அப்படி அடைபட்ட 46 பேரின் முறையீட்டில், பெரும்பாலோர் ஈழத்தமிழர்கள், ஆஸ்திரேலியா 143 மனித உரிமை மீறல்களைச் செய்திருக்கிறது என்று 2013இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு சொன்னது. மேற்கு சிட்னியில் வெண்ட்வர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சோறும் கறியும் கட்டிக்கொண்டு சனி ஞாயிறுகளில் வில்லாவுட் வாசலில் சோதனைக்கு நின்ற காலம் அது. எந்தச் சாப்பாடு உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்ற விதி மாறிக்கொண்டே இருக்கும்.

வில்லாவுட்டிலிருந்து ஒரே ஒரு பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொன்னால், நான் ஒரு கைபேசியைக் கொடுப்பேன். தடுப்பு முகாம்களில் கைபேசியைப் பறிக்க அரசு முயன்றது. எல்லோரிடமும் ஒட்டுமொத்தமாகப் பறிப்பது செல்லாது என்று நீதிமன்றம் தடுத்தது. 2020இல் அதற்கென்றே ஒரு மசோதா வந்தது. மேலவையில் அதன் தலைவிதி டாஸ்மேனியாவின் ஜாக்கி லாம்பி கையில் நின்றது. படைவீரராக இருந்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் தன் முடிவைச் சொல்லுமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். ஒரு லட்சம் பேரளவில் பதில் எழுதினார்கள். மிகப் பெரும்பாலோர் பறிக்காதே என்றார்கள். லாம்பி எதிர்த்தார், மசோதா விழுந்தது. அடைபட்டவர்களுக்கு அதில் வாக்கில்லை. அவர்கள் கையிலிருந்த பேசி, வாக்குள்ள யாரோ ஒரு லட்சம் பேரின் பேச்சால் அன்று தப்பியது. ஜனநாயகத்தின் பலமும் பலவீனமும் இப்படி ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

பழைய கட்டடத்தின் வாசலுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இங்கே பெரிய சங்கதிகள் வாசலில்தான் நடந்திருக்கின்றன. 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பெரும்பான்மையோடிருந்த பிரதமர் காஃப் விட்லமைப் பதவிநீக்கினார். படிக்கட்டில் நின்று கெரின் செயலர் பிரகடனத்தை வாசிக்க, அவர் தோளுக்குப் பின்னால் விட்லம் நெடிதுயர்ந்து நிற்கும் படம் எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை அதைப் பேசி ஓயவில்லை. தமிழ்நாட்டில் எண்பத்தோரு நாள் கழித்து, 1976 ஜனவரி 31 அன்று, கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது, 1991இல் மறுபடியும். நாம் அதற்கு ஒரு படிக்கட்டை நினைவுச் சின்னமாக்கவில்லை.

படிக்கட்டுக்கு எதிரே புல்வெளி. 1972 ஜனவரி 25 அன்று, பூர்வகுடிகளுக்கு நில உரிமை கிடையாது, குத்தகைதான் என்று பிரதமர் மக்மஹோன் அறிவித்தார். மறுநாள் நான்கு இளைஞர்கள் அங்கே ஒரு கடற்கரைக் குடையை நட்டு அதற்குத் தூதரகம் என்று பெயர் வைத்தார்கள். புல்வெளியில் கூடாரம் போடத் தடை இல்லையென்பதைப் பிறகுதான் அரசு கவனித்தது. விதியை மாற்றி ஜூலையில் பிடுங்கியது. கூடாரத் தூதரகம் இன்றும் அங்கே இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று ஒரு போராட்டத்தின்போது கட்டடத்தின் முன்கதவுகள் தீப்பற்றின. தூதரகத்தின் மூத்தவர்கள் அந்தச் செயலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் எதை வைத்தாலும், காட்சியின் பாதி வெளியே புல்லில் இருக்கும் அருங்காட்சியகம் இது. மழையிலும் வெயிலிலும் இருப்பவர்களை யாரும் பட்டியலிட்டு எண் கொடுத்து வைக்க முடியாது.

கொழும்பு காலிமுகத்திடலில் இதே பொருத்தமுடைய ஒரு கட்டடம் இருக்கிறது. 1930இல் திறந்தது; மறு ஆண்டே இலங்கையர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு முப்பத்தோரு ஆண்டு முன்பாக. ஆனால் 1948, 1949 சட்டங்களால் மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்ததும் அதே மண்டபம்தான், முறைப்படி எண்ணிய பெரும்பான்மையால். 1956 ஜூன் 5 அன்று உள்ளே தனிச்சிங்கள மசோதா. வெளியே செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம். அடிபட்டுத் தலையில் கட்டுப் போட்டபடி அமிர்தலிங்கம் அவைக்குள் போனார். நாடாளுமன்றம் 1982இல் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டேவுக்கு மாறிவிட, கட்டடம் ஜனாதிபதி செயலகம் ஆயிற்று. 2022இல் போராட்டக்காரர்கள் மாதக்கணக்கில் அதன் முன்னால் கூடாரமடித்திருந்தார்கள். அந்த மே 18 அன்று அதே திடலில் சிங்களரும் தமிழரும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். அங்கே அருங்காட்சியகம் வைக்க யாரும் நாள் குறிக்கவில்லை. வைத்தால், அமிர்தலிங்கத்தின் தலைக்கட்டை எந்த மொழியில் விளக்குவது என்பதிலேயே திறப்பு விழா தள்ளிப்போகும்.

கான்பெராவுக்கு அந்தச் சாக்கு இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரதியையும், இன்று திருத்தங்களால் பல மடங்கு பருத்துவிட்ட அதே சட்டத்தையும் பச்சை அவையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். டவுனரின் சாங்கியையும் வில்லாவுட்டையும் ஒரே சுவரில் எழுதலாம். 2023 அக்டோபரில் ஈரானிய, தமிழ் அகதிப் பெண்கள் 22 பேர் மெல்பர்னிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து குன்றின் மேலுள்ள நாடாளுமன்றத்துக்கு வந்து நிரந்தர விசா கேட்டார்கள். அவர்களின் செருப்புகளில் ஒரு சோடியைக் கேட்டு வாங்கி வைக்கலாம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில், தற்காலிக விசாவில் பத்தாண்டாகத் தொங்கிக்கொண்டிருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசு அறிவித்தது. விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அதுவும் இல்லை. நடந்து வந்தவர்களின் கோரிக்கை அவர்களுக்காகத்தான். நிரந்தர விசா கிடைத்தவர்கள் ஒவ்வொருவராகக் குடியுரிமை எடுத்துவருகிறார்கள். ஊராட்சி மண்டபத்தில் மேயர் கையால் சான்றிதழ், ஒரு சிறு செடி, தேநீர், படம். கையோடு வாக்காளர் பதிவுப் படிவமும் தருவார்கள். 1924 முதல் இங்கே வாக்களிப்பது கட்டாயம். வில்லாவுட்டில் அடைபட்டிருந்து வெளியே வந்து, அதே சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வீடெடுத்திருக்கும் புதுக் குடிமகன், ஒரு தேர்தலுக்குத் தக்க காரணமின்றிப் போகாவிட்டால் அபராதம் 20 டாலர்.